ஐந்தாவது வட்டம்

பன்னிரண்டாவது கேள்வியில் ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பெயர் கிடையாது. வினாத்தாளில் வருகிற பிள்ளைகளுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை, ‘மாணவி ஒருத்தி’ என்பதோடு சரி. மாணவி ஒருத்தி தினமும் தாமதமாக வந்து பொய்யான காரணங்களைக் கூறுகிறாள், ஆசிரியர் செய்ய வேண்டியது என்ன? கீழே நாலு வழி. அ, தனியே அழைத்துக் கண்டிக்க வேண்டும். ஆ, பெற்றோரை வரவழைத்துப் பேச வேண்டும். இ, சில நாட்கள் பொருட்படுத்தாமல் விட வேண்டும். ஈ, உண்மை பேசும்போது பாராட்டி ஊக்குவிக்க வேண்டும். பொற்கொடி டீச்சர் கறுப்புப் பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்தபடி, அட, இவளை எனக்குத் தெரியுமே என்று நினைத்தாள். நினைத்ததுதான் தப்பு. பரீட்சை எழுத வந்த இடத்தில் தெரிந்தவர்களைப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போய்விட வேண்டும், நின்று பேசக் கூடாது. தலைக்கு மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது அறைக்குள் இருந்த காற்றைத் தொடாமல், யாருக்கும் தொந்தரவில்லாமல், தன் பாட்டுக்குச் சுற்றுகிற வித்தையை எங்கோ படித்து வந்திருந்தது. இருபத்து நாலு வருஷம் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் நடத்தியாயிற்று. இப்போது, பாடம் நடத்தத் தகுதி உண்டா என்று பார்க்கிறார்களாம், தேறாவிட்டால் வேலை இல்லையாம். தகுதி. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அவளுக்குப் பல்லில் நார் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது, நாக்கு அங்கேயே போய்ப் போய் வந்தது. பக்கத்து மேசையில் நிவேதா என்ற பெண், படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருப்பவள், வயதைக் கேட்டால் பொற்கொடியின் சர்வீஸை விடக் குறைவு, கடகடவென்று வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டு போனாள். காலையில் வாசலில் அவள்தான் இஞ்சி மிட்டாய் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, “நீங்கள்லாம் பாஸாயிட்டா எங்களுக்கு எப்ப டீச்சர் இடம் காலியாகும்?” என்றாள். கேலிதான், கண்ணில் விஷம் இல்லை. ஒரு தொழில் ரகசியமும் சொன்னாள். தெரியாத கேள்விக்கு இ போட வேண்டுமாம். கேள்வி எடுக்கிறவர்களுக்கு உண்மையை முதலிலும் வைக்கக் கூச்சம், கடைசியிலும் வைக்கக் கூச்சம், ஆவில் வைத்தால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம், ஆகவே இ. பயிற்சி மையத்தில் ஒருநாள் கேள்வியைப் படிக்காமல் விடைகளை மட்டும் பார்த்து எழுதியே பாஸ் மார்க் வாங்கினாளாம். அதெப்படிம்மா என்று பொற்கொடி வாயைப் பிளந்ததற்கு, நீளமான விடைதான் டீச்சர் பெரும்பாலும் சரி, பொய்யை யாரும் மெனக்கெட்டு நீளமாச் சொல்ல மாட்டாங்க என்றாள்.

பொய்யை நீளமாகச் சொல்ல மாட்டார்களாமே. நிவேதாவுக்குத் தெய்வானையைத் தெரியாது. தெய்வானை இரண்டாம் வகுப்பு, பதினைந்து வருஷம் முந்தி, ரெட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். தினமும் லேட். ஒருநாள் வந்து, எங்க வீட்டுச் சேவலுக்குச் சளி பிடிச்சிருச்சு டீச்சர், அது கூவலை, அதனால சூரியனுக்குத் தெரியலை என்றாள். மறுநாள், ரோட்டோரக் கிணறு தண்ணி குடிக்கிறதுக்காக ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கிணத்துக்குப் போயிருந்துச்சு, அது திரும்பி வந்து உட்காருகிற வரைக்கும் யாரையும் போக விடலை, டவுன் பஸ்ஸே நின்னுச்சு என்றாள். கண்டக்டர் கிணத்துக்கு டிக்கெட் கேட்டாராம். வகுப்பு முழுக்க வாயை மூட மறந்து உட்கார்ந்திருக்கும். சரி, அ. கண்டித்தாயிற்று. தனியே அழைத்துத்தான், வேப்பமரத்தடியில் நிறுத்தி, குரலை உயர்த்தி, விரலை ஆட்டி. அதற்குப் பிறகு ஒரு வாரம் தெய்வானை மணியடிப்பதற்கு முன்னால் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள், ஒரு சொல் பேசவில்லை. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்பதற்காகவே அதுவரை ஓட்டமாய் ஓடிவந்துகொண்டிருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் லேட்டாக வர ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை ஆரோக்கியமேரி டீச்சர் வந்து காலி பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு, என்ன பொற்கொடி, ஊரைக் காலி பண்ணிட்டியா என்று கேட்டார். அப்புறம் ஆ. அம்மாவை வரச்சொல்லியாயிற்று. அந்த அம்மாள் தலைச்சுமைப் புல்லை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, “ஆமா டீச்சர், கிணறு நகரத்தான் செஞ்சுது. நான்தான் கயித்தைப் போட்டுப் பிடிச்சுக் கட்டினேன். பிள்ளை மேல தப்பு இல்லை” என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. பொற்கொடிக்கு அன்றைக்குத்தான் ஊற்று எங்கே என்று தெரிந்தது. இ, பொருட்படுத்தாமல் விட்டும் பார்த்தாள். டீச்சர் காது கொடுக்கவில்லை என்றதும் தெய்வானை கதையை ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோய்ச் சொன்னாள். மறுநாள் ஒன்றாம் வகுப்பு பூராவும் கிணறு நடப்பதைப் பார்க்க ரோட்டோரம் வரிசையாகக் குத்தவைத்துவிட்டது. ஈ, உண்மை பேசினால் கையில் சிவப்பு மையால் நட்சத்திரம். அந்த வாரம் அவள் பேசிய உண்மைகள் இருக்கின்றனவே, பொய்களே தேவலாம் என்றாகிவிட்டது. டீச்சர், இன்னைக்கு நிஜமாவே, சத்தியமா, என்று ஆரம்பித்து, பழைய பொய்யை விடப் பெரியதாக ஒன்றைச் சொல்லி, கை நிறைய நட்சத்திரத்தோடு வீட்டுக்குப் போனாள். நாலும் செய்தாயிற்று. நாலும் சரி, நாலும் தப்பு. அடுத்த வருஷம் வந்த இன்னொரு பொய்க்காரனுக்கு அந்த நாலில் ஒன்றே போதுமாயிருந்தது, ஒரு சத்தம் போட்டதும் அடங்கிவிட்டான், ஏனென்றால் அவன் வேறு பிள்ளை.

கடைசியில் என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு தெய்வானை மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கிணற்றுக்கதையின் மிச்சத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். சரி சொல்லு என்று பொற்கொடி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கிணறு ஊர் ஊராகப் போயிற்று, கல்யாணம் செய்துகொண்டது, குட்டிபோட்டது, குட்டிக்கிணறுகள் அழுதன. எல்லாம் சொல்லி முடித்து, சொல்ல இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று மேலே பார்த்து யோசித்து, இல்லை என்று தெரிந்த பிறகு, அதே குரலில், எங்கப்பா நூல் மில்லுல ராத்திரி வாட்ச்மேன் டீச்சர், அவரு சைக்கிளு வளைவுல தெரியிற வரைக்கும் நான் நிப்பேன், ஒருவாட்டி வரவே இல்லை, ஆஸ்பத்திரியில இருந்தாரு, அதனால நிப்பேன் என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் தினமும் லேட்டாகவே வந்தாள், பொற்கொடி முதல் பாடவேளையில் கதை வைத்துக்கொண்டாள். தெய்வானை இப்போது திருப்பூரில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாளாம், அவள் கையால் எடுத்து விரித்த சேலையை வாங்காமல் எந்தப் பெண்ணும் படியிறங்கியதில்லை என்று கேள்வி. முழுக்கக் கேட்டோம், அதைத்தான் செய்தோம். அதற்கு வட்டம் எங்கே? பொற்கொடி விடைத்தாளைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு நேரே நாலு வட்டங்கள், பிறகு வெள்ளை. அந்த வெள்ளையில் ஐந்தாவதாக ஒன்று போட இடம் தாராளமாக இருந்தது. பேனா முனை அந்த இடத்துக்கு மேலே ஒரு கணம் போய்க்கூட நின்றது. அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்து, சரி, கடைசியில் பார்க்கலாம், தெரியாததில் உட்காராதே, தாண்டிப் போ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதின்மூன்றுக்குப் போனாள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் வரி தப்பாமலிருக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். பழைய கல்யாணப் பத்திரிகையை நீளவாக்கில் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்து, படிக்கிற வரிக்குக் கீழே வைத்து, ஒரு வரி முடிந்ததும் ஒரு வரி இறக்கச் சொல்வாள். இங்கேயும் நுழைவுச்சீட்டை மடித்து விடைத்தாளின் மேல் அப்படித்தான் வைத்திருந்தாள். கேள்வியைப் படி, வட்டத்தை நிரப்பு, அட்டையை இறக்கு. கை தானாகச் செய்தது. கண் வினாத்தாளிலேயே இருந்தது. இரண்டு வயதில் குழந்தை என்ன செய்யும், ஏழு வயதில் என்ன செய்யும் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள், குழந்தை என்ன செய்யும் என்று குழந்தைக்கே தெரியாது என்று நினைத்துக்கொண்டே நிரப்பினாள். தமிழ் வந்தது, மனசு சம்மணம் போட்டு உட்கார்ந்தது. இங்கிலீஷ் வந்தது, எழுந்து நின்றது. கணக்கு வந்தது. ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொன்று காலி செய்கிறது. எங்கள் பள்ளிக்கூடத்துத் தொட்டியை நிரப்ப ஒன்றுமே இல்லை, காலி செய்ய மட்டும் இரண்டு ஓட்டை என்று ஆரோக்கியமேரி டீச்சர் சொல்வது ஞாபகம் வந்தது. நான் இல்லாவிட்டால் அவர் ஒருத்தர்தான், ஐந்து வகுப்பு, ஒரு ஆள், முழங்கால் வலி வேறு. அந்த நினைப்போடே அடுத்த கணக்கையும் போட்ட பிறகு, தொட்டிக் கணக்கில் சந்தேகம் வந்துவிட்டது. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டேனா? இன்னொருமுறை போட்டாள், சரியாகத்தான் வந்தது, விடை ஈ. ஈதானே போட்டோம் என்று விடைத்தாளில் அந்த எண்ணைத் தேடினாள். அந்த எண்ணுக்கு நேரே ஆ கறுத்திருந்தது. ஈ அதற்கு மேல் வரியில் இருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, யாரோ தாளை மாற்றிவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. பிறகு மேலே மேலே போய், தமிழைத் தாண்டி, குழந்தைகளைத் தாண்டி, பன்னிரண்டில் போய் நின்றாள். பன்னிரண்டு காலியாக இருக்க வேண்டும். இல்லை. அங்கே ஒரு கறுப்பு வட்டம் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தது. கேள்வி தாண்டிப் போயிருக்கிறது, அட்டை தாண்டவில்லை. பதின்மூன்றின் விடை பன்னிரண்டில், பதினாலின் விடை பதின்மூன்றில், அப்படியே வரிசை பிசகாமல், அசெம்பிளிக்குப் போகிற பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக, அத்தனையும் ஒரு வரி மேலே ஏறி நின்றிருந்தன. உள்ளங்கை ஈரமாகி நுழைவுச்சீட்டில் அவளுடைய புகைப்படம் கலங்கியது. அப்போது வந்த பயம் வயிற்றிலிருந்து வரவில்லை, காதிலிருந்து வந்தது. ஒரு பெரிய மணி அடித்து முடிந்தபின் இருக்கிற சத்தம் மாதிரி. வாசலில் தங்கராசு ஷேர் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நின்றிருப்பார். இன்றைக்குச் சவாரிக்குப் போகவில்லை, பிளாஸ்கில் காப்பி வாங்கி வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் எங்க வீட்டுக்காரம்மா உள்ள பரீட்சை எழுதுது என்று சொல்லிக்கொண்டிருப்பார், அவர் அப்படித்தான். பொற்கொடி கையைத் தூக்கினாள். இருபத்து நாலு வருஷமாகப் பிள்ளைகள் தூக்கிய கையைப் பார்த்தே பழகியவளுக்குத் தன் கை எவ்வளவு கனம் என்று தெரிந்தது. மேற்பார்வையாளர் வந்தார், விளையாட்டு வாத்தியார் போல உடம்பு, கழுத்தில் விசில்தான் இல்லை. அவள் தாளைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். அவர் குனிந்து பார்த்தார், விரலை வைத்து இரண்டு வரி ஒப்பிட்டார், நிமிர்ந்து கதவைப் பார்த்தார், கதவு அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“வேற தாள் தர முடியாதும்மா,” என்றார் மெதுவாக. “இதுல உங்க பேரே அச்சடிச்சு வந்திருக்கு.”

“விடையெல்லாம் சரிதாங்க சார். இடம்தான் தப்பு.”

“மிஷினுக்கு அது தெரியாதும்மா,” என்றார் அவர். என்னமோ மிஷின் அவருடைய சொந்தக்காரப் பையன் என்பது போல முகம் வாடிவிட்டது. மிச்சத்தையாவது பார்த்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய், கொஞ்ச நேரத்தில் தன்னுடைய தண்ணீர்ப் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் மேசைக்காலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வைக்காத மாதிரி நடந்து போனார்.

மிச்சத்தைப் பார்த்துப் போடத்தான் வேண்டும். ஆனால் பார்வை மேலேயே போயிற்று. தன் வீட்டில் யாரோ சாமான்களை எல்லாம் இடம்மாற்றி வைத்திருப்பதைப் போல அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய இலக்கணக் குறிப்புகள் எல்லாம் தப்பாகப் போயிருந்தன. பெயர்ச்சொல்லை வினைச்சொல் என்று சொல்லியிருந்தாள், சொன்னது அவள்தான், பெயர் அச்சடித்து வந்திருக்கிறது. ஒரு இங்கிலீஷ் கேள்விக்கு இரண்டு விடைக்கு நடுவில் திண்டாடி ஒன்றைப் போட்டிருந்தாள், போட்டபிறகு மற்றதுதான் சரியென்று ஞாபகம் வந்து உதட்டைக் கடித்திருந்தாள். இப்போது பார்த்தால் கீழேயிருந்து ஏறிவந்த ஒரு வட்டம் அந்த மற்றதில் போய்ச் சப்பணமிட்டிருந்தது. தெரிந்ததற்கெல்லாம் முட்டை, தெரியாததற்கு மார்க். நிவேதா சொன்ன இ வேறு அங்கங்கே அடுத்தடுத்து வந்து, தள்ளி விழுந்தும் தப்பாமல், வெட்கமில்லாமல் சரியாக நின்றது. கேள்வியைப் படிக்காமலே பாஸாகலாம் என்றாள் அந்தப் பெண். படித்தும் தோற்கலாம் என்பதை அவளிடம் சொல்ல வேண்டும், பயிற்சி மையத்துக்குப் பிரயோஜனப்படும். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டுக்கு வந்தபோதுதான் முடியவில்லை. பன்னிரண்டில் விழுந்திருந்தது அ. மாணவி ஒருத்தி தாமதமாக வருகிறாள், பொய் சொல்கிறாள், பொற்கொடி டீச்சர் அவளைத் தனியே அழைத்துக் கண்டிக்கிறாள். அரசாங்கத்தின் கணக்கில் இனி அவள் கண்டிக்கிறவள். எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் ஒரு மிஷின் இந்தத் தாளை விழுங்கிவிட்டு, ஓ, நீ இப்படிப்பட்டவளா என்று ஒரு கணம் நினைத்துக்கொள்ளும். ஒருவேளை அதற்கு ஒரு மார்க்கும் கொடுத்துத் தொலைக்கும். அதுதான் பயமாக இருந்தது. வேப்பமரத்தடியில் விரலை ஆட்டிய அந்த ஒருநாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்த அந்த ஒரு வாரம், அதற்குப் போய் மார்க். நான் அதை வேண்டாமென்று விட்டுவிட்டேனே, அதற்கப்புறம் எவ்வளவோ நடந்ததே, நாற்காலியைத் திருப்பிப் போட்டேனே. யாரிடம் சொல்வது? ஒவ்வொரு வரியும் பக்கத்து வரியின் பதிலைச் சொல்லிக்கொண்டு நின்றது. முதல் வகுப்பின் முதல் நாள் மாதிரிதான், உன் பேர் என்ன என்றால் பக்கத்துப் பிள்ளை பதில் சொல்லும், அம்மா எங்கே என்றால் இன்னொன்று அழும். அன்றைக்கு நாம் என்ன செய்வோம்? யாரையும் பெயிலாக்க மாட்டோம். இது உன் இடம், இது அவன் இடம் என்று கையைப் பிடித்து உட்காரவைப்போம், ஒரு மாசம் ஆகும், ஆகட்டும். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தாள், மேற்பார்வையாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நுழைவுச்சீட்டை மடித்தபடியே இடுப்பில் செருகினாள். கணக்கில் மிச்சமிருந்ததை விரலை வைத்து, எண்ணை எண்ணோடு உதட்டசைத்துச் சொல்லிப் பார்த்து, பிறகு நிரப்பினாள். சூழ்நிலையியலையும் அப்படியே. பறவை, மழை, மண், இலை. ஒன்றும் தப்பவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமலே தெரிந்தது, இது தேறாது. இருந்தாலும் கடைசி வட்டத்தையும் விளிம்பு வெளியே போகாமல் அழகாக நிரப்பினாள், கோணலாக எழுதுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

மணியடித்து வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறைந்தது. நிவேதா படியிறங்கி ஓடிவந்து, ஈஸிதானே டீச்சர் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு முன்னாலேயே, அந்தப் பொய் சொல்ற பொண்ணு கேள்விக்கு எங்க சார் ஆன்னுதான் சொல்வாரு, இன்னொரு சார் ஈன்னு சண்டைக்கு வருவாரு, நான் இ போட்டுட்டேன் என்று கூட்டத்துக்குள் கலந்துபோனாள். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கட்டும், என்னுடையதில்லாத வேறு ஒன்று, என்று பொற்கொடி நினைத்தாள். தங்கராசு பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். எப்படி என்று அவர் கேட்கவில்லை, கேட்காமலிருப்பதற்காக அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. தை பிறந்தால் இன்னொரு தடவை வைக்கிறார்களாம், அங்கே நின்ற ஒருத்தர் சொன்னார் என்று மட்டும் பொதுவாகச் சொன்னார். அவள் முடிஞ்சதுங்க என்றாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, அணைத்து வைத்திருந்த போனைப் போட்டதும் காத்திருந்தது போல அடித்தது. வகுப்பில் படிக்கிற இலக்கியாவின் அம்மா நம்பர். எடுத்தால் இலக்கியாவேதான், போனை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசுகிற சத்தம்.

“டீச்சர், நான் இலக்கியா. பரிச்சை எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்டா.”

“எல்லாம் தெரிஞ்சுதா?”

தங்கராசு கண்ணாடியில் அவளைப் பார்த்தார், வண்டியை எடுக்கவில்லை. புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று வராந்தாவிலிருந்து கேட் வரைக்கும் கோத்துக்கொண்டு வந்த சொற்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. “தெரிஞ்சுதுடா கண்ணு,” என்றாள் பொற்கொடி. “ஆனா ஒரு வரி தள்ளிப் போட்டுட்டேன். எல்லாமே தப்பு தப்பா மேல ஏறிப் போயிருச்சு.”

அந்தப் பக்கம் பிள்ளை யோசித்தது.

“ரப்பர் கொண்டு போகலையா டீச்சர்?”

“கொண்டு போகலைடா.”

“நாளைக்கு நான் தாரேன்,” என்றாள் இலக்கியா. பிறகு, நேர்மையாக இருக்க வேண்டுமே என்று நினைத்தவள் போல, “பாதிதான் இருக்கு டீச்சர்” என்றாள்.